துண்டுச் சீட்டும் பாஸ்போர்ட்டும்

நம் பாட்டன்மார் கடல் தாண்டிப் போனபோது அவர்களுக்கு என்ன ஆயத்தம் நடந்தது? திருச்சி, சேலம், மதுரைச் சீமையின் சேரிகளில் கங்காணி வந்து நின்றான். முன்பணம் கொடுத்தான். இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் கொண்டுபோய் நாள் கணக்கில் அடைத்தார்கள். அங்கே அம்மை குத்தினார்கள், உடம்பைச் சோதித்தார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கையில் கொடுத்துக் கப்பலேற்றினார்கள். அவ்வளவுதான் ஆயத்தம். தோட்டத்தில் கால் வைத்ததும் அவர்கள் பேரில் கடன் எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவன் இவ்வளவு கடன்பட்டவன்" என்று எழுதிய ஒரு காகிதம் வேண்டும். அதன் பெயர் துண்டு. மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிக்கொள்கிற அந்த முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. மலாயாவுக்கு ஆள் பிடித்து அனுப்புவது 1938-இல் நின்றது.

இந்தப் பழைய கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்க அறைக்கு ஒரு தாய் வந்தார். பீன்யா பக்கம் கார்மெண்ட்ஸில் வேலை. கணவர் சென்ட்ரிங் வேலை செய்கிறார். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பெங்களூர் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கூடவே மகளும் வந்திருந்தாள். பி.யூ.சி. முடித்து, நீட் தேர்விலும் தகுதி மதிப்பெண் வாங்கிய பெண். அந்தத் தாய் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். இருக்கிற ஒற்றை அறை வீட்டுக்கு வாரியம் கொடுத்த ஹக்குப் பத்திரம்.

"அண்ணே, இதை வச்சா எவ்வளவு கிடைக்கும்?"

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. ஒரு தரகர் பிலிப்பைன்ஸ் நாட்டில் டாக்டர் படிப்புக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மொத்தம் 24 இலட்சம். முதல் தவணை ஆறு இலட்சத்தைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம்.

"நம்ம ஊரு மாதிரியே வெயிலும் மழையுமாம் அண்ணே. சோறுதான் சாப்பிடுவாங்களாம். படிப்பு இங்கிலீஷ்லயாம். ஒரு கஷ்டமும் இருக்காதுன்னு சொல்றாரு."

மகள் அதுவரை பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்க படிச்சா, இங்க டாக்டர்னு ஒத்துக்குவாங்களா மாமா?"

அந்தக் கேள்விக்குத் தரகரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் இருக்கிற எந்த அமைப்பும் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லியிருக்கவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்கும், அவளைப் போல ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் ஈஜிபுராவிலும் கோலார் தங்க வயலிலும் இருக்கிற பிள்ளைகளுக்கும் உரிய பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கக்கூடாது என்பது நம் கட்சியல்ல. "கூலிக்காரன் மகளுக்குக் கடல் கடந்த படிப்பு எதற்கு?" என்று கேட்கிறவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள், நம்முள்ளும் இருக்கிறார்கள். "பொம்பளைப் பிள்ளையை எப்படி அவ்வளவு தூரம் அனுப்புவது?" என்று கேட்கிற சித்தப்பாக்களும் உண்டு. அதே சித்தப்பா பதினெட்டு வயதுப் பெண்ணைத் திருமணம் செய்து முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பத் தயங்குவதில்லை! பாட்டன் கூலியாகக் கடல் கடந்தான். பேத்தி மாணவியாகக் கடக்கட்டும். அதுவே வளர்ச்சி. ஆனால் பேத்தியும் கடன் துண்டோடு கப்பலேறினால் அது வளர்ச்சியாகாது. கங்காணி சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் பொருள்.

அந்தப் பெண் ஏன் வெளிநாட்டைப் பார்க்க வேண்டி வந்தது? இதைக் கேட்காமல் தரகரை மட்டும் திட்டுவது பாதி உண்மைதான்.

அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பெங்களூரில் படித்தவள். கர்நாடகத்தில் ஏழு ஆண்டு படித்த பிள்ளை என்ற முறையில் இம்மாநில அரசு ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்க அவளுக்குத் தகுதி உண்டு. ஆனால் அவள் குடும்பம் ஆதிதிராவிடர் குடும்பம். தகப்பனாரின் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியது. ஆதிதிராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. இருந்தும் பயனில்லை. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், போன மாநிலத்தில் பட்டியல் சாதி உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018-இல் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. 1950 ஆகஸ்டு 10-ஆம் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்த குடும்பம் என்று காட்ட முடிந்தவர்களுக்கு வழி உண்டு. தங்க வயல் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் காகிதம் கிடைக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல் சுமக்க வந்த குடும்பத்துக்கு எங்கிருந்து கிடைக்கும்?

சாதிக் கொடுமை மாநில எல்லையில் இறங்கிக்கொள்வதில்லை. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் தீண்டாமை தீர்ந்துவிடுவதில்லை. சலுகை மட்டும் எல்லையில் இறக்கிவிடப்படுகிறது. ஒதுக்கீடு இல்லாததால் அரசுக் கல்லூரி இடம் இல்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் எட்டாத உயரம். அந்த இடைவெளியில்தான் தரகர் வந்து நிற்கிறார்.

சரி. தரகர் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது: "நம்ம ஊர் மாதிரியே வெயிலும் மழையும்."

எந்த ஊர் மாதிரி? பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற மேட்டு நிலம். நம் பிள்ளைகள் இந்தக் குளிர்ச்சியில் வளர்ந்தவர்கள். சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குப் போனாலே இரண்டு நாளில் வேர்க்குரு வந்து அழுகிற பிள்ளைகள். பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் கொண்ட வெப்ப மண்டல நாடு. ஆண்டு முழுவதும் புழுக்கம். ஓர் ஆண்டில் இருபது புயல் வரை அந்த நாட்டுக் கடற்பரப்புக்குள் வருகின்றன. 2013 நவம்பரில் அடித்த ஹையான் புயலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2020 ஜனவரியில் மணிலாவுக்குத் தெற்கே தால் எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டியது. 2025 செப்டம்பர் கடைசியில் செபு தீவிலும், அடுத்த மாதமே மிந்தனாவோவின் கிழக்குக் கரையிலும் பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. 2019-இல் அந்த அரசு டெங்குவைத் தேசியக் கொள்ளைநோய் என்றே அறிவிக்க நேர்ந்தது.

பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான மக்கள் அங்கே வாழ்கிறார்கள், உழைக்கிறார்கள், படிக்கிறார்கள். நம் பிள்ளைகளும் வாழலாம். ஆனால் ஆயத்தத்தோடு போக வேண்டும். அந்த ஆயத்தம் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கான ஏ, பி தடுப்பூசிகள், டைபாய்டு, டெட்டனஸ் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் கேட்க வேண்டும். சில ஊசிகள் மாதக் கணக்கில் இடைவெளி விட்டுப் போடுபவை. கடைசி வாரத்தில் ஓடினால் ஆகாது. கொசுவலை ஒன்று பெட்டியில் இருக்கட்டும். அங்கே டெங்குக் கொசு பகலில் கடிக்கும், இங்கே கடிப்பது போலவே. காய்ச்சல் வந்தால் தானாக வலி மாத்திரை வாங்கி விழுங்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக் காய்ச்சல் வரும். அதற்காகவே ஒரு ரப்பர் செருப்பும், சான்றிதழ்களை வைக்க நீர் புகாத உறையும், ஒரு டார்ச்சும் எடுத்துப் போகட்டும். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு விதி. அந்த ஊசியை அரசு அனுமதி பெற்ற மையத்தில் மட்டுமே போட வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாகவாவது போட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் 2016-லிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும். பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போடச் சொல்லிப் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

மண்டபம் முகாமில் நம் பாட்டனுக்கு அம்மை குத்தியது அவன் நலனுக்காக அல்ல, தோட்டத்துரையின் நலனுக்காக. நம் பிள்ளைக்கு நாம் போடுகிற ஊசி அவள் நலனுக்காக. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இரண்டாவது: "படிப்பு இங்கிலீஷில்."

வகுப்பறையில் இங்கிலீஷ் உண்மைதான். 1946 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த நாடு அது. ஆனால் நோயாளி எந்த மொழியில் வலியைச் சொல்வார்? மணிலாவில் தகாலோக் மொழியில் சொல்வார். செபுவிலும் டவாவோவிலும் செபுவானோ மொழியில் சொல்வார். இது நமக்குத் தெரியாத விஷயமா? பவுரிங் ஆஸ்பத்திரி வரிசையில் நம் பாட்டி தமிழில் வலியைச் சொல்ல, மருத்துவர் கன்னடத்தில் கேட்க, நடுவில் பேரன் மொழிபெயர்த்ததை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! எனவே போகுமுன்பே அந்த ஊர் மொழியில் நூறு சொல்லாவது கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இதில் நம் பிள்ளைகளுக்குத் தாழ்வில்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், கடையில் உருதுவும் தெலுங்கும் பேசி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒரே மொழி மட்டும் தெரிந்த பணக்கார வீட்டுப் பிள்ளையைவிட ஆறாவது மொழியை இவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது: "திரும்பி வந்ததும் டாக்டர்."

இங்கேதான் அந்தப் பெண்ணின் கேள்வி வருகிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-இல் வெளியிட்ட விதிகளை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதன்மேல் 12 மாதப் பயிற்சியை அதே வெளிநாட்டுக் கல்லூரியிலேயே முடிக்க வேண்டும். பாடமொழி இங்கிலீஷாக இருக்க வேண்டும். பட்டம் பெற்ற நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமக்களுக்குச் சமமாக மருத்துவத் தொழில் செய்ய உரிமம் பெறத் தகுதி இருக்க வேண்டும். பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வு. அதன்பின் இங்கேயும் 12 மாதப் பயிற்சி. எல்லாவற்றையும் படிப்பில் சேர்ந்த பத்து ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

பிலிப்பைன்ஸில் நடைமுறை என்ன? மருத்துவம் அங்கே பட்டப்படிப்புக்குப் பிறகு படிப்பது. எனவே நம் பிள்ளைகளை முதலில் பி.எஸ். என்ற படிப்பில் சேர்ப்பார்கள். அதன்பின் என்மேட் என்ற நுழைவுத் தேர்வு. அதில் தேறினால்தான் எம்.டி. என்ற மருத்துவப் படிப்பு. அந்த எம்.டி. வழக்கமாக நான்கு ஆண்டு. நான்கு ஆண்டு என்றால் 48 மாதம். நம் நாட்டு விதி கேட்பதோ 54. முன்னால் படிக்கிற பி.எஸ். மருத்துவப் படிப்புக் கணக்கில் சேராது. "மொத்தம் ஆறு வருஷம்" என்று தரகர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த ஆறில் எத்தனை மாதம் கணக்கில் வரும் என்பதை அவர் சொல்வதில்லை. அளவில் கம்மி செய்து ஜல்லி கொட்டுகிற லாரிக்காரரை நம் மேஸ்திரிகள் பார்த்ததில்லையா? அதே கணக்குத்தான் இது.

தகுதித் தேர்வைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். 2002 முதல் நடக்கிற அந்தத் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். 2024 ஜூன் மாதத் தேர்வில் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார். மீதிப் பேர் வீட்டுக் கடனையும் வைத்துக்கொண்டு, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடவும் முடியாமல் நிற்கிறார்கள். இன்னொன்று: "தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரி" என்று விளம்பரம் பார்த்தால் உடனே விலகிக்கொள்ளுங்கள். ஆணையம் அப்படி எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாதம்? பயிற்சி அதே கல்லூரியின் பொறுப்பில் நடக்குமா? படித்து முடித்த இந்தியருக்கு அந்நாட்டில் உரிமம் கிடைக்குமா? பாதியில் விட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும்? பதில்களைத் தரகரிடம் வாங்காதீர்கள். கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுக்கிற கல்லூரிக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இனி காகிதங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆயத்தம் பி.யூ.சி. முடித்தபின் தொடங்குவதல்ல. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே தொடங்க வேண்டியது. ஏன்? நம் பெயர்களே நமக்குப் பகையாகி நிற்கின்றன! கனிமொழி என்று பெயர் வைக்கிறோம். கன்னடத்தில் இன்று ழகரம் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அது ளகரமாகிறது. மதிப்பெண் பட்டியலில் ஓர் இங்கிலீஷ் எழுத்து, ஆதாரில் வேறோர் எழுத்து. தகப்பன் பெயருக்கு நாம் முதலெழுத்து மட்டும் போடுகிறோம். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதச் சொல்கிறார்கள். ஒரே சொல்லில் பெயர் மட்டும் போட்டுக் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டால் வேறு தொல்லை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது நினைவிருக்கலாம். எனவே எட்டாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, ஆதார் ஆகிய மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியல் அச்சாவதற்கு முன்னால் தலைமையாசிரியரிடம் ஒரு மனு கொடுத்தால் முடிகிற வேலை, பின்னால் நீதிமன்றப் பத்திரம், நாளிதழ் விளம்பரம் என்று இழுக்கும்.

முகவரி அடுத்த தொல்லை. போலீஸ் விசாரணைக்கு வருகிறபோது நாம் அந்த வீட்டில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் வரிக்குப் பயந்து வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிற நமக்கு நிலையான முகவரி ஏது? வங்கிப் புத்தகம், எரிவாயு இணைப்பு ஆகியவற்றை வீடு மாறிய உடனே மாற்றி வையுங்கள். பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளைக்கு, வேலைக்குப் போகிறவர்களைத் தடுத்துச் சோதிக்கிற குடியகல்வு முத்திரை பாஸ்போர்ட்டில் விழாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அதற்கென்று தனியாகப் பணம் கேட்கிற தரகர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பணம். வங்கிக் கல்விக் கடன் மாதிரித் திட்டத்தில் ஏழரை இலட்சம் வரை சொத்து ஈடு கேட்கக்கூடாது. அதற்கு மேல்தான் சொத்துப் பேச்சு வரும். முதலில் வங்கிக்குப் போங்கள். மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஹக்குப் பத்திரத்தை வட்டிக்காரரிடம் வைக்காதீர்கள். அந்தக் காகிதம் ஒரு தலைமுறை போராடி வாங்கியது. அது போனால் பிள்ளை படித்துத் திரும்புகிறபோது வருவதற்கு வீடு இருக்காது. உதவித்தொகைகளும் இருக்கின்றன. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் உரியது. அது மத்திய அரசுத் திட்டம் என்பதால் தமிழ்நாட்டுச் சான்றிதழோடும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே. ஆண்டுக்கு 125 இடம்தான். அதிலும் 2025-இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் ஆணை கொடுத்து, மற்ற 66 பேரை "நிதி இருந்தால் பார்க்கலாம்" என்று காக்க வைத்தார்கள். சிறுபான்மையினர் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு இருந்த வட்டிச் சலுகையை 2022-23-லிருந்து நிறுத்தியே விட்டார்கள்.

மாநிலத் திட்டங்களோ? கர்நாடகத்தில் பிரபுத்தா திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் நாம் யார்? இங்கே கேட்டால் "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்" என்கிறார்கள். அங்கே போனால் "நீங்கள் கர்நாடகத்தில் இருக்கிறவர்" என்கிறார்கள். ஓட்டுக் கேட்கிற நாளில் மட்டும் இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களுக்கும் நாம் உறவினர்கள்!

கல்லூரிகள் நடத்துகிற பத்து நாள் "வெளிநாட்டுக் கல்விப் பயணம்" பற்றியும் ஒரு சொல். மலேசியா, தாய்லாந்து, இலங்கை என்று அழைத்துப் போகிறார்கள். வாய்ப்பிருந்தால் போகட்டும், உலகம் பார்க்கட்டும். பினாங்கில் நம்மவர் இறங்கிய துறைமுகத்தையும், கண்டிச் சீமையில் நம்மவர் நட்ட தேயிலையையும் நம் பிள்ளை பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பயணத்துக்கு மதிப்பெண் உண்டா, இல்லையா என்று கேளுங்கள். மதிப்பெண் இல்லாத சுற்றுலாவுக்குத் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மதிப்பெண் உண்டு என்றால், பணம் கட்ட முடியாத பிள்ளைக்குக் கல்லூரி என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று கேளுங்கள். பாடத்தில் சேர்ந்த ஒன்றைப் பணமுள்ளவருக்கு மட்டும் நடத்துவது நியாயமாகாது.

நம் சங்கம் என்ன செய்ய வேண்டும்? குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது இவ்விதழின் வழக்கமல்ல. ஒவ்வொரு கிளையிலும் மாதத்தில் ஒரு ஞாயிறு, எட்டாம் வகுப்பு முதல் உள்ள பிள்ளைகளின் காகிதங்களைச் சரிபார்க்க ஒதுக்குவோம். ஏற்கெனவே வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நம்மவர் பிள்ளைகளை, தேறியவர்களையும் தேறாதவர்களையும் அழைத்து வந்து பேசவைப்போம். தேறாதவரின் பேச்சு இன்னும் பயன்படும். எந்தப் பெற்றோரும் சங்கத்தில் இரண்டு பேரிடம் காட்டாமல் தரகரின் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம்.

அரசுகளிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் உண்டு. வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர் பதிவு பெற வேண்டும் என்று 1983 குடியகல்வுச் சட்டம் சொல்கிறது. படிப்புக்கு ஆள் பிடிக்கிறவர் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. பஞ்சாப் அரசு 2012-லேயே தனிச் சட்டம் போட்டு இவர்களை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் ஏன் போடக்கூடாது? கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் சேருகிற செஸ் பணம் நம் வியர்வையின் பங்கு. ஓராண்டில் 90 நாள் வேலை செய்த எவரும், எந்த மாநிலத்தவரானாலும், அதில் பதிவு செய்யலாம். அந்த வாரியத்தின் கல்வி உதவியில் வெளிநாட்டுப் படிப்பையும் சேர்க்க வேண்டும். இரு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசி, குடிபெயர்ந்த பட்டியல் சாதிக் குடும்பத்தின் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதை முடிவு செய்ய வேண்டும். தண்ணீருக்காக இரண்டு அரசும் எத்தனையோ முறை உட்கார்ந்து பேசியிருக்கின்றன. பிள்ளைகளுக்காக ஒருமுறை உட்காரக்கூடாதா?

அந்தத் தாயும் மகளும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஹக்குப் பத்திரம் பிளாஸ்டிக் பைக்குள் மறுபடி போனது. அந்தப் பதினைந்து நாள் கெடுவும் கழிந்தது. இடம் போய்விடும் என்று பயமுறுத்திய தரகர், இன்னும் பதினைந்து நாள் தருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். அதிலிருந்தே அந்த அவசரத்தின் யோக்கியதை தெரிந்துவிட்டது. மகள் அந்த நான்கு கேள்விகளையும் இங்கிலீஷில் தானே எழுதிக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறாள். இதை எழுதுகிற நாள் வரை பதில் வரவில்லை. வந்தால், திருப்தியாக இருந்தால், அவள் போகட்டும். வழியனுப்ப நாம் போவோம். வராவிட்டால் இங்கேயே செவிலியர் படிப்போ மருந்தாளுநர் படிப்போ படிக்கிறேன் என்கிறாள். மறுபடி நீட் எழுதவும் யோசிக்கிறாள். முடிவு அவளுடையது.

பாட்டன் கழுத்தில் தகர வில்லை தொங்கியபோது, அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க அவனுக்குத் தெரியாது. பேத்திக்குப் படிக்கத் தெரியும். கையெழுத்துப் போடுமுன் அவள் படிக்கட்டும். அவளோடு சேர்ந்து நாமும் படிப்போம்.